கேம்ஷாஃப்டும் சில கேனத்தனங்களும்

மக்களே, இது கொஞ்சம் கோபத்தோட எழுதுற பதிவு. கார், இன்ஜின்னா தலைவலி வர்ற ஆட்களும் தைரியமா உள்ள வரலாம். விஷயம் இன்ஜினைப் பத்தினது மட்டும் இல்லை.

என் சித்தி பையன் கோயம்புத்தூர்ல இருக்கான். சித்தப்பா 2003-ல வாங்கின மாருதி எஸ்டீம் அவன்கிட்ட இருக்கு. சித்தப்பா இப்ப இல்லை. அதனால வண்டியை விற்க மனசு வரல. 2024-ல புகை தள்ள ஆரம்பிச்சதும் இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் பண்ணிடலாம்னு முடிவு பண்ணான். நல்ல முடிவுதான். எனக்கும் சந்தோஷம்.

அங்கதான் ஆரம்பிச்சது வினை. "எப்படியும் இன்ஜினைப் பிரிக்கிறோம், ஒரு ஸ்டேஜ் 2 கேம் போட்டுட்டா வண்டி சும்மா பிச்சுக்கும் தம்பி"ன்னு ஒரு ட்யூனிங் கடையில தூபம் போட்டிருக்காங்க. கடை பேர் வேண்டாம். ஊருக்கு நாலு கடை இப்படி இருக்கு. கேம் வேலைக்கு மட்டும் 22,000 ரூபாய். வண்டி வெளிய வந்தது. சத்தம் பிரமாதம். ஐடிலிங்ல வண்டியே குலுங்கி "டப்... டபடப்... டப்"னு நிக்குது. பையன் வீடியோ எடுத்து அனுப்பினான். "எப்படிண்ணா இருக்கு?"ன்னு கேட்டான். நானும் சூப்பர்னு பதில் போட்டேன். அந்த பாவத்துக்குத்தான் இந்தப் பதிவு.

ரெண்டு மாசம் கழிச்சு ஊருக்குப் போனப்ப அந்த வண்டியில உட்கார்ந்தேன். அவிநாசி ரோடு, சாயங்கால டிராஃபிக், ஏசி ஓடுது. வண்டி ஊர்ந்துக்கிட்டே போகுது. பிரேக், கொஞ்சம் நகர்றது, பிரேக், கொஞ்சம் நகர்றது. மூணாவது தடவை பெடலை மிதிச்சப்ப அது கல்லு மாதிரி நின்னுருச்சு. பையன் சீட்டை விட்டு எழுந்து மிதிக்கிறான். முன்னாடி ஒரு ஸ்கூட்டர், பின் சீட்ல ஸ்கூல் பை மாட்டின பாப்பா. ஒரு சாண் இடைவெளியில வண்டி நின்னுச்சு. "இப்பல்லாம் அப்பப்ப இப்படி ஆகுதுண்ணா, மாஸ்டர் சிலிண்டர் மாத்தணும் போல"ன்னான்.

மாஸ்டர் சிலிண்டர்ல ஒரு கோளாறும் இல்லை. கேம்தான் காரணம். எப்படின்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கேம்னா என்னன்னு பார்த்துடலாம்.

இன்ஜின்ல காத்தும் பெட்ரோலும் உள்ள வர ஒரு வழி, புகை வெளிய போக ஒரு வழி. ரெண்டு வழிக்கும் வால்வுதான் கதவு. அந்தக் கதவை எப்பத் திறக்கணும், எவ்வளவு நேரம், எவ்வளவு அகலமாத் திறந்து வைக்கணும்னு முடிவு பண்றது கேம்ஷாஃப்ட்ல இருக்கிற முட்டை வடிவ மேடுகள். திறந்திருக்கும் நேரத்தை டிகிரியில சொல்வாங்க, அது ட்யூரேஷன். எவ்வளவு தூரம் திறக்குதுங்கிறது லிஃப்ட். ரெண்டு கதவும் ஒரே சமயத்துல கொஞ்ச நேரம் திறந்திருக்கும், அது ஓவர்லாப்.

கல்யாண மண்டபத்துல பந்தி நடக்குறதை நினைச்சுக்கோங்க. சாப்பிட்டவங்க பின்கதவு வழியா போகணும், அடுத்த பந்தி முன்கதவு வழியா வரணும். கூட்டம் வேகமா நகர்ந்தா ரெண்டு கதவையும் சேர்த்துத் திறந்து வைக்கலாம். போறவன் வேகத்துலயே வர்றவனும் இழுபட்டு உள்ள வந்துருவான். ஆனா கூட்டம் மெதுவா நகர்ற நேரத்துல ரெண்டு கதவையும் திறந்து போட்டா? சாப்பிட்டவனே மறுபடி உள்ள வந்து இலையில உட்கார்ந்துருவான். குறைஞ்ச ஆர்பிஎம்ல பெரிய கேம் போட்ட இன்ஜினுக்குள்ள நடக்குறது அச்சு அசல் இதுதான். எரிஞ்ச புகை திரும்ப உள்ள வந்து புது காத்தோட கலக்குது. ஒரு தடவை எரியுது, ஒரு தடவை எரியல. நீங்க ரசிச்சுக் கேட்கிற அந்த "டபடப்" சத்தம் வீரியத்தோட சத்தம் இல்லைங்க. இன்ஜின் இருமுற சத்தம்.

அப்ப பெரிய கேம் எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்க? கேள்வி நியாயமானது. 240 டிகிரி ட்யூரேஷன் உள்ள கேம், 2,000 ஆர்பிஎம்ல இன்டேக் வால்வை 20 மில்லி செகண்ட் திறந்து வைக்கும். அதே கேம் 6,000 ஆர்பிஎம்ல 7 மில்லி செகண்ட் கூடத் திறந்து வைக்காது. அந்த வேகத்துல காத்து உள்ள வர நேரம் போதாது. அதனால ரேஸ்காரன் கதவை அதிக டிகிரிக்குத் திறந்து வைக்கிறான். அவன் இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேலயோ ஓட்டுறப்ப ஊசி எப்பவும் மேலதான் இருக்கும். 2,000 ஆர்பிஎம்ல இன்ஜின் என்ன ஆனா அவனுக்கென்ன? நமக்கு நாளைக்கு முக்கால்வாசி நேரம் அந்த 2,000-லயும் 3,000-லயும்தான் ஓடுது. காந்திபுரம் சிக்னல்ல எவன் 7,000 ஆர்பிஎம் வைக்கப் போறான்?

சரி, கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

எஸ்டீம் இன்ஜின் 1,298 சிசி. பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம் 75.5 மி.மீ. பிஸ்டன் அடியில போய்ட்டு மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்துதான் இருக்கும். அது மூடின பிறகுதான் உண்மையான கம்ப்ரஷன் ஆரம்பம். கணக்குக்காக ரெண்டு கேம் எடுத்துக்குவோம். ஒண்ணு 240 டிகிரி, மேடுகளுக்கு நடுவுல 110 டிகிரி இடைவெளி. இன்னொண்ணு 280 டிகிரி, இடைவெளி 108. முதல் கேம்ல வால்வு, பிஸ்டன் திரும்பி 50 டிகிரியில மூடுது. ரெண்டாவதுல 68 டிகிரியில. ராடு நீளம் ஸ்ட்ரோக்கைப் போல 1.6 மடங்குன்னு வைச்சா, முதல் கேம்ல அமுக்குறதுக்கு மிச்சம் இருக்கிற தூரம் சுமார் 65.5 மி.மீ. ரெண்டாவதுல 57 மி.மீ. தான்.

கம்ப்ரஷன் ரேஷியோ 9.5-ன்னு வைங்க. முதல் கேமோட அது நடைமுறையில 8.4 ஆகுது. பெரிய கேமோட 7.4. அதாவது காசைக் கொட்டி, புது ரிங், புது பிஸ்டன் எல்லாம் போட்டு, கடைசியில கீழ் ஆர்பிஎம்ல வயசான இன்ஜின் மாதிரி அமுக்க வைச்சிருக்கோம். இழந்ததைத் திரும்பக் கொண்டுவரணும்னா ரேஷியோவை 10.8 வரைக்கும் ஏத்தணும். அதுக்கு பிஸ்டன் மாத்தணும், இல்ல ஹெட்டை நிறைய ஸ்கிம் அடிக்கணும். அப்புறம் அந்த இன்ஜின் மேல போய் காத்தை முழுசா விழுங்குறப்ப நாக்கிங் வரும், நல்ல ஆக்டேன் பெட்ரோல் வேணும், இக்னிஷன் டைமிங் மாத்தணும். கேம் வித்த கடையில இதுல ஒண்ணாவது சொன்னாங்களா? எங்க பையன்கிட்ட சொல்லல. 9.5-ஐ அப்படியே விட்டுட்டு கேமை மட்டும் மாத்திக் கொடுத்துட்டாங்க.

ஓவர்லாப்பையும் பாருங்க. முதல் கேம்ல 240-லேர்ந்து ரெண்டு நூத்திப்பத்தைக் கழிச்சா 20 டிகிரி. ரெண்டாவதுல 280-லேர்ந்து ரெண்டு நூத்தியெட்டைக் கழிச்சா 64. மூணு மடங்குக்கு மேல! இதைத்தான் "லேசா ஒரு மாத்தம் தம்பி"ன்னு விக்கிறாங்க.

"ஆனா பவர் ஏறுதே, டைனோ ஷீட் இருக்கே"ன்னு ஒரு கோஷ்டி வரும். ஏறும்தான். நான் மறுக்கல. பவர்ங்கிறது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வர்றது. 6,000-ல 110 நியூட்டன் மீட்டர்னா சுமார் 69 கிலோவாட். டார்க் 100-ஆ குறைஞ்சாலும் அது 7,500-ல கிடைச்சா 78 கிலோவாட்டுக்கு மேல வரும். பேப்பர்ல ஜெயிச்சாச்சு. ஆனா அந்த 7,500-க்கு நீங்க எப்பப் போவீங்க? கம்பெனி ஈசியு அதுக்கு முன்னாடியே பெட்ரோலை வெட்டிடும். ஈசியுவை மாத்தினாலும், 6,000-லேர்ந்து 7,500-க்குப் போனா ராடுலயும் போல்ட்லயும் விழற இழுவை 56 சதவீதம் கூடுது, ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். இருபது வருஷ பழைய ராடு போல்ட்டுக்கு இது தேவையா? அந்த டைனோ ஷீட்டை வாங்கினா மேல் நுனியைப் பார்க்காதீங்க. 2,000-லேர்ந்து 4,500 வரைக்கும் கோடு எங்க இருக்குன்னு பாருங்க. பல ஷீட்ல கோடே 3,500-லதான் ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ என்ன நடந்துதுன்னு ஏன் காட்டல?

இந்த "டபடப்" மோகம் எங்கேர்ந்து வந்ததுன்னும் தெரியும். அமெரிக்க வி8 வண்டி வீடியோ பார்த்து வந்தது. அது 5.7 லிட்டர் இன்ஜினுங்க சாமி. ஒரு சிலிண்டரே 716 சிசி. நம்மது ஒரு சிலிண்டர் 325 சிசி கூட இல்லை. அவன் கீழ் ஆர்பிஎம்ல அஞ்சுல ஒரு பங்கு டார்க்கை இழந்தாலும் மிச்சத்துல நம்ம வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போவான். பணக்காரன் ஆயிரம் ரூபாயைத் தொலைக்கிறதும், நாம மாசக் கடைசியில ஆயிரம் ரூபாயைத் தொலைக்கிறதும் ஒண்ணா? நமக்கு நாலு பேர் உட்காரணும், ஏசி ஓடணும், மேம்பாலம் ஏறணும். ஏசி கம்ப்ரஸர் பிடிக்கிற நொடியில வண்டி அணைஞ்சு போனா எந்தப் பெருமையும் காப்பாத்தாது.

இன்னொரு விஷயம். ஒரே பெரிய கேம் ரோட்டுக்கும் நல்லா இருக்கும்னா ஹோண்டாக்காரன் எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? 1989-ல இன்டெக்ராவுல முதல் விடெக் இன்ஜின் விட்டான். 1,595 சிசி, 7,600 ஆர்பிஎம்ல 160 குதிரை. ஒரே ஷாஃப்ட்ல சின்ன மேடும் பெரிய மேடும் பக்கத்துல பக்கத்துல வைச்சு, கீழ சின்னதுலயும் மேல பெரியதுலயும் ஓடற மாதிரி பண்ணான். பெரிய கேம் கீழ வேலைக்கு ஆகாதுன்னு அவனுக்குத் தெரியும். அதான் ரெண்டையும் போட்டான். இங்க 2003-ல ஹோண்டா சிட்டி 106 குதிரை விடெக்லேர்ந்து 77 குதிரைக்கு இறங்கினப்ப நாம எல்லாரும் திட்டினோம். நானும் திட்டினேன். ஆனா அந்த 77 குதிரை வண்டிக்கு டார்க் 2,700 ஆர்பிஎம்லயே உச்சத்துக்கு வந்துரும். ஊருக்குள்ள ஓட்டினவங்களைக் கேட்டுப் பாருங்க, கியரே மாத்த வேண்டாம்பாங்க. ரேஸ் ஓட்டச் சொல்லல. எந்த வேலைக்கு எந்தக் கேம்னு இன்ஜினியருக்குத் தெரிஞ்சிருக்குன்னு சொல்றேன்.

இப்ப அந்த "ஸ்டேஜ் 2" கேம் எப்படி வந்ததுன்னு சொல்றேன். புது ஷாஃப்ட் இல்லை. பழைய ஷாஃப்டையே திரும்ப கிரைண்ட் பண்ணது. முட்டையோட கூர்முனையை உசத்த முடியாது, இரும்பு வளராது. அதனால அடிப்பக்க வட்டத்தைச் சுரண்டுவாங்க. அடி குறைஞ்சா லிஃப்ட் கூடின கணக்கு. இது தப்பான முறைன்னு சொல்லல, ஒழுங்கா பண்ணா நல்லாவே வரும். ஆனா எவ்வளவு சுரண்டினாங்க, கடினமான மேல்தோல் மிச்சம் இருக்கா, டேப்பட் ஸ்க்ரூ எட்டுதா, ஸ்பிரிங் முழுசா அமுங்கிப் போகாம இடம் இருக்கா, இதெல்லாம் யாராவது அளந்தாங்களா? ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ங்கிறதுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஒரு கடையோட 2 இன்னொரு கடையோட 1. அளவு எடுக்காம பிளவுஸ் தைக்கிற டெய்லரை வீட்டுல விடுவாங்களா? கேமுக்கு மட்டும் ஏன் விடறோம்?

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டியதைச் சொல்றேன்.

ஒண்ணு, கேம் கார்டு எங்க? ட்யூரேஷன், லிஃப்ட், மேடுகளுக்கு நடுவுல உள்ள கோணம், டேப்பட் கேப், எல்லாம் அதுல இருக்கணும். கார்டு இல்லைன்னா கேம் வேண்டாம்.

ரெண்டு, ட்யூரேஷனை எந்த லிஃப்ட்லேர்ந்து அளந்தது? வால்வு லேசா அசையறதுலேர்ந்து அளந்த 270-ம், 1 மி.மீ. தூக்கினதுலேர்ந்து அளந்த 270-ம் ஒண்ணு இல்லை. ரெண்டாவது ரொம்பப் பெரிய கேம். இது தெரியாம ரெண்டு கேமை ஒப்பிட்டுப் பேசறது, கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடற மாதிரி.

மூணு, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி பார்த்தீங்களா? பிஸ்டன் மேல களிமண் வைச்சு, ஹெட்டை முடுக்கி, கையால சுத்தி, அப்புறம் கழட்டி வெட்டிப் பார்க்கிற பழைய முறை போதும். பொதுவா இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ.யாவது வேணும்பாங்க.

நாலு, டயல் கேஜும் டிகிரி வீலும் வைச்சு கேமை செட் பண்ணீங்களா? புள்ளியைப் பார்த்து பெல்ட் மாட்டினா போதாது. ஓவர்ஹால்ல ஹெட்டை ஸ்கிம் அடிச்சிருப்பாங்க. ஹெட் கீழ இறங்கினா பெல்ட் ஓட்டத்துல கேம் டைமிங் கொஞ்சம் பின்தங்கும். கீழ் பிக்கப் குறையறதுக்கு அதுவே ஒரு காரணம். அட்ஜஸ்டபிள் புல்லி போட்டு அதைச் சரி பண்ணாலே கம்பெனி கேமோட வண்டி முழிச்சுக்கும்.

அஞ்சு, இந்த கேமுக்கு ஈசியுவை யார் ட்யூன் பண்ணுவா? பதில் "அதெல்லாம் தானா செட் ஆயிரும்"னு வந்தா, செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிருங்க.

ரோட்டுல தினம் ஓட்டுற சின்ன இன்ஜினுக்கு என் வரிசை இதுதான். முதல்ல நல்ல போர், நல்ல ரிங், ஒழுங்கான வால்வு சீட். அப்புறம் சரியான கம்ப்ரஷன். அப்புறம் அடைப்பில்லாத எக்ஸாஸ்ட். இவ்வளவுக்கும் பிறகு ஆசை மிச்சம் இருந்தா, கம்பெனி கேமை விட பத்து, பதினஞ்சு டிகிரி கூடுதலான மிதமான கேம், லிஃப்ட் கொஞ்சம் கூட. ரெண்டு கேமுக்கு நடுவுல குழப்பமா? சின்னதை எடுங்க. டிராக்குக்குன்னே தனி வண்டி, தனி ஈசியு, அதுக்கேத்த கியர், பிஸ்டன் எல்லாம் வைச்சிருக்கிறவங்க எவ்வளவு பெரிய கேம் வேணாலும் போடட்டும். அவங்களோட எனக்குச் சண்டையே இல்லை. வீட்டு வண்டியை வைச்சு விளையாடறவங்களோடதான்.

இப்ப அந்த பிரேக் கதை. பிரேக் பெடல் லேசா இருக்கிறதுக்குக் காரணம் பூஸ்டர். அது வேலை செய்யறது இன்ஜின் இன்டேக்ல உருவாகிற வேக்குவத்தால. நல்ல இன்ஜின் ஐடிலிங்ல பாதரசக் கணக்குல 18, 20 இன்ச் வேக்குவம் இருக்கும். பெரிய ஓவர்லாப்ல புகை திரும்பி இன்டேக்குக்குள்ள வர்றதால அது சரிஞ்சுரும். எங்க வண்டியில கேஜ் மாட்டிப் பார்த்தோம். ஏசி போட்ட ஐடிலிங்ல முள்ளு 10-க்கும் 11-க்கும் நடுவுல ஆடுது. வேகமாப் போய் காலை எடுத்தா வேக்குவம் ஏறும், அப்ப பிரேக் நல்லாவே பிடிக்கும். அதனாலதான் டெஸ்ட் டிரைவ்ல யாருக்கும் தெரியல. ஊர்ந்து போற டிராஃபிக்ல ரெண்டு தடவை மிதிச்சதும் பூஸ்டர்ல இருந்தது காலி. மூணாவது மிதிக்கு உங்க கால் பலம் மட்டும்தான். அந்த மூணாவது மிதியிலதான் அந்தப் பாப்பா முன்னாடி இருந்தா.

இன்னும் இருக்கு. இந்த மாதிரி மேப் சென்சார் வைச்ச இன்ஜின்ல வேக்குவம் குறைஞ்சா "ஆக்சிலேட்டரை அழுத்தறாங்க போல"ன்னு ஈசியு நினைச்சு பெட்ரோலைக் கூடுதலாக் கொட்டும். எரியாமப் போன காத்தை ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துட்டு "பெட்ரோல் பத்தலை"ன்னு இன்னும் கேட்கும். புகை பரிசோதனையில 0.5 சதவீதம் இருக்க வேண்டிய கார்பன் மோனாக்சைடு எங்கேயோ போச்சு. மைலேஜ் 14-லேர்ந்து 9. பின்னாடி வர்ற பைக்காரன் கண்ணைக் கசக்கிட்டு வர்றான். நம்ம ஆசைக்கு அவன் என்ன பாவம் பண்ணான்?

கடைசியில உக்கடத்துல நாலு கடை ஏறி இறங்கி, தேய்மானம் இல்லாத ஒரு பழைய கம்பெனி கேம்ஷாஃப்ட் தேடிப் பிடிச்சோம். ராக்கரெல்லாம் பார்த்து, வயசான ஒரு மெக்கானிக் டயல் கேஜ் வைச்சு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செட் பண்ணார். வாங்கினது கேம் விலையில பாதி கூட இல்லை. ஸ்டார்ட் பண்ணதும் வண்டி சத்தமே இல்லாம நின்னுச்சு. பையன் முகத்துல லேசா ஏமாத்தம். ரெண்டாவது கியர்ல மேம்பாலம் ஏறினப்ப அது போச்சு. "அப்பா ஓட்டினப்ப இப்படித்தாண்ணா இருந்துச்சு"ன்னான். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

கடைக்காரரை மட்டும் குத்தம் சொல்லி முடிச்சுக்க மாட்டேன். அந்த வீடியோவைப் பார்த்து சூப்பர்னு சொன்ன என்னை மாதிரி ஆட்கள்தான் அந்த கேமை விக்கிறோம். அடுத்த தடவை யாராவது குலுங்குற வண்டி வீடியோ அனுப்பினா கைதட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஐடிலிங்ல வேக்குவம் எவ்வளவுப்பா?"

டிஸ்கி: எங்க பையன் அந்த 280 டிகிரி கேமை விற்கலாம்னான். யார் தலையிலயோ கட்டறதுக்கா? இப்ப அது என் மேஜை மேல பேப்பர் வெயிட். அந்த வேலையை ரொம்ப நல்லாப் பண்ணுது :-)